கல்யாணத்துக்காக மருந்தை நிறுத்த வேண்டாம், தம்பி

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 27 வயசு. சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம். திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருந்தேன். பைக்ல விழுந்து கால் முறிஞ்சப்ப வலி மாத்திரை கொடுத்தாங்க. கால் சரியாயிட்டு, மாத்திரையை விட முடியல. அப்புறம் ரூம்ல இருந்த பயலுவ அதைக் கரைச்சு ஊசியில ஏத்தப் பழக்கிவிட்டானுவ. அம்மா பீடி சுத்திச் சேத்த காசுல வாங்குன செயினை அடகு வச்சு, அந்தக் காசையும் அதுலயே அழிச்சேன். வீட்டுல ஒரு மறுவாழ்வு இல்லத்துல சேத்தாங்க. அங்க மொட்டை அடிச்சு, ரெண்டு நாள் கட்டிலோட கட்டிப் போட்டாங்க. வெளிய வந்த மறு மாசமே திரும்ப ஆரம்பிச்சுட்டேன்.

இப்ப எட்டு மாசமா, ஊசியை விடுறதுக்காக, நாக்குக்கு அடியில வைக்கிற புப்ரினார்பின் மாத்திரையில இருக்கேன். அன்னையிலேருந்து ஊசியைத் தொடல. அம்பையில ஒரு ஹார்டுவேர் கடையில வேலை. ஆனா ஊர்ல நான் இன்னும் 'ஊசி கேசு'தான். கோயில் கொடைக்குப் பந்தல் வேலைக்கு என் வயசுப் பயலுவள எல்லாம் கூப்பிட்டாங்க, என்னைக் கூப்பிடல. கையில தழும்பு கிடக்கதால வெயில்லயும் முழுக்கைச் சட்டைதான். ஆத்துல குளிக்கப் போறது விடியுமுன்னால, ஆள் இல்லாதப்ப. கண்ணாடியைப் பாத்தா ஒரு களவாணி நிக்க மாதிரி இருக்கு. 'உன்னால வெளிய தல காட்ட முடியல'ங்காரு அப்பா.

வர்ற தை மாசம் தங்கச்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைச்சுட்டு வர வேண்டியது நான். சித்தப்பா மகன் செய்யட்டும்னு வீட்டுல பேசுதாங்க. கூட்டாளி ஒருத்தன், 'ஊசிக்குப் பதிலா மாத்திரை, இதுவும் போதைதானல'ங்கான். கல்யாணத்துக்கு முன்னால மாத்திரையை நிறுத்திட்டு, சுத்தமா, தலை நிமிந்து நிக்கணும்னு நினைக்கேன். ரெண்டு மாசத்துல நிறுத்திரலாமா? என்னை நானே ஒரு மனுசனா நினைக்க என்ன செய்யணும்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

தம்பி, முதல் கேள்விக்கு நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தை மாசத்தைக் கணக்கு வைத்து மருந்தை நிறுத்த வேண்டாம். குறைக்கவும் வேண்டாம். என்றைக்கும் நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தூக்கம், வேலை, கையில் காசு புழங்கும்போது மனம் போகிற போக்கு எல்லாம் நீண்ட நாள் நிலைப்பட்ட பிறகு, உங்கள் மருத்துவரோடு பேசி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். சிலர் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு நன்றாகவே இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் முகூர்த்தத் தேதி வரக்கூடாது.

நிறுத்தினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். புப்ரினார்பின் உடம்பில் நின்று வேலை செய்கிற மருந்து. விட்ட அன்றே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடங்கி, இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ இழுக்கும். கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், உடம்பு சிலிர்ப்பு, வயிற்றுப்போக்கு, கால் குடைச்சல், பொட்டுத் தூக்கம் கிடையாது. கல்யாண வீட்டில் அப்படி ஒரு முகத்தோடு நீங்கள் நடமாடினால், சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிற இன்றைய முகத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மருந்தை விட்ட அந்த முகத்தைத்தான் சந்தேகப்படுவார்கள்.

இதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. மருந்தை விட்ட கொஞ்ச நாளில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். தூக்கமில்லாத ஒரு ராத்திரியில், யாரோ ஒருவர் சொன்ன ஒரு சொல் தாங்காமல், திருப்பூரில் போட்ட பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும். பல நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்த மருந்தில் இருக்கிற காலத்தைவிட அதை விட்ட காலத்தில் சாவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. 'சுத்தமாக' நிற்க வேண்டும் என்ற நல்ல ஆசையில் மருந்தை விட்டவர்களும் அதில் உண்டு. அந்த இடத்துக்கு நீங்கள் போகக் கூடாது.

உங்கள் கூட்டாளி சொன்னதற்கு வருகிறேன். இதுவும் ஓபியாய்டு என்கிற, அபினைப் போல வேலை செய்கிற வகையைச் சேர்ந்ததுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. நீங்கள் ஊசியில் ஏற்றிய வலி மாத்திரை மூளையில் எந்த இடத்தில் போய் உட்கார்ந்ததோ, அதே இடத்தில்தான் இதுவும் உட்காருகிறது. ஆனால் அரைகுறையாகத்தான் தூண்டும், ஓர் அளவுக்கு மேல் ஏறாது, அந்த இடத்தை விட்டு லேசில் எழுந்திருக்கவும் செய்யாது. அதனால் தலைக்கு ஏறுவதும் கிடையாது, நாலு மணி நேரத்தில் உடம்பு கெஞ்சுவதும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2005லேயே இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. சரி, இந்த விளக்கமெல்லாம் கூட்டாளிக்கு வேண்டாம். நீங்களே உங்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்த எட்டு மாதத்தில் இந்த மாத்திரைக்காக யாரிடமாவது பொய் சொன்னீர்களா? எதையாவது அடகு வைத்தீர்களா? ஒரு நாளாவது கடைக்குப் போகாமல் இருந்தீர்களா? அந்த ஊசி இதையெல்லாம் செய்ய வைத்தது. இது செய்ய வைக்கவில்லை. போதைக்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாடு உங்கள் வாழ்க்கையிலேயே எழுதிக் கிடக்கிறது.

எங்கள் ஆட்கள் வழக்கமாக இந்த இடத்தில் சர்க்கரை நோயைச் சொல்வார்கள். அப்பா தினமும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாரே, அதுபோல இதுவும் ஒரு நோய், இதற்கும் தினமும் மாத்திரை என்று. நானும் சொல்வதுண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்புவது போதைப் பழக்கத்தில் நூற்றுக்கு 40 முதல் 60 பேருக்கு. இரத்தக் கொதிப்பிலும் ஆஸ்துமாவிலும்கூட அதே அளவு, சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதல். 'திரும்ப விழுந்துட்டான், இவன் தேற மாட்டான்' என்று கொதிப்பு நோயாளியை யாரும் சொல்வதில்லை. ஆனால் இந்த ஒப்புமையோடு மட்டும் நிறுத்தினால் ஒரு சங்கடம் உண்டு. நோய் என்று சொல்லும்போது பழி குறைகிறது, கூடவே 'அப்படியானால் இது சாகும் வரைக்கும் போகாது' என்ற எண்ணமும் ஏறிவிடுகிறது. உங்கள் அப்பா மனதில் அது இருக்கலாம். உங்கள் மனதிலும் இருக்கலாம்.

அது உண்மையில்லை. 1970களின் தொடக்கத்தில் வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கப் படைவீரர்களில் ஏராளமானவர்கள் அங்கே ஹெராயினுக்கு அடிமையானார்கள். இவர்கள் ஊர் திரும்பினால் என்ன ஆகுமோ என்று அந்த நாட்டு அரசே நடுங்கியது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்தபோது, அங்கே அடிமையாக இருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அந்த நிலைக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருந்தார்கள். போர்முனையும் அங்கே மலிவாகக் கிடைத்த ஹெராயினும் பின்னால் போய்விட்டன, வீடும் மனிதர்களும் முன்னால் வந்தார்கள். எல்லாரும் அப்படியே மீண்டுவிடுவார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒருத்தன் எங்கே, யாரோடு, என்னவாக இருக்கிறான் என்பதற்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று காட்டுகிறது. நீங்களும் திருப்பூர் அறையிலிருந்து வீடு திரும்பியவர்தான். சங்கடம் என்னவென்றால், ஊர் உங்களைத் திரும்பி வந்தவனாக இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை. அதைவிட, நீங்களே உங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் கண்ணாடி வரிதான். மருந்து அளவைப் பற்றி நாங்கள் எவ்வளவோ பேசுகிறோம், இதைப் பற்றிப் பேசுவது குறைவு. வெட்கம் வந்தால் திருந்துவான் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. ஏசினால், நாலு பேர் முன்னால் கேட்டால், சூடு சொரணை வரும் என்று. நடப்பது நேர் எதிர். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர்கள், குடியை விட்டுச் சில மாதமே ஆனவர்களைக் கடைசியாகக் குடித்து அதற்காக நொந்துபோன நேரத்தைப் பற்றிப் பேசச் சொல்லி வீடியோ எடுத்தார்கள். பேச்சைவிட உடம்பைக் கவனித்தார்கள்: தோள் குறுகுகிறதா, நெஞ்சு ஒடுங்குகிறதா என்று. சில மாதம் கழித்து விசாரித்தால், வெட்கத்தில் அதிகம் குறுகியவர்கள்தான் மறுபடி குடித்தவர்களில் அதிகம். எவ்வளவு குறுகினார்களோ அவ்வளவு கூடுதலாகக் குடித்தும் இருந்தார்கள். 2013இல் வெளிவந்த ஆய்வு. குடியைப் பற்றியதுதான், ஊசியைப் பற்றியதில்லை. ஆனாலும் என்னிடம் வருகிறவர்களிடம் நான் காண்பதோடு அப்படியே ஒத்துப்போகிறது.

அம்மாவின் செயினை அடகு வைத்தீர்கள். அது நடந்த காரியம். அதை நினைத்து மனம் வலித்தால் அது நல்ல வலி, ஏனென்றால் அதற்குச் செய்ய ஏதோ ஒன்று இருக்கிறது. 'நான் ஒரு களவாணி' என்பது அப்படி இல்லை. அதற்கு என்ன பரிகாரம் செய்வீர்கள்? எந்தப் பரிகாரமும் இல்லாத பழியோடு ஒருத்தன் ராத்திரி பாயில் படுத்தால், அதை மறக்கடிக்கிற ஒரே பொருள் எது என்று அவன் மூளைக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாவதை விடுங்கள். சம்பளத்திலிருந்து மாதம் 500 ரூபாயோ 1000 ரூபாயோ அம்மா கையில் கொடுங்கள். கொடுக்கும்போது வாய் திறந்து சொல்லுங்கள், "அம்மா, இது அந்தச் செயினுக்கு" என்று. சொல்லாமல் கொடுத்தால் அது வீட்டுச் செலவில் கரைந்துவிடும். மொத்தமாகச் சேர்த்து ஒரு நாள் புதுச் செயினாகப் போட்டு அசத்தலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். மாதாமாதம் அந்த வார்த்தையைச் சொல்வதுதான் உங்களுக்கு மருந்து. அம்மாவுக்கும் மருந்து.

'நான் நல்லவன்' என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. சொல்லிப் பார்த்தவர்களுக்கு மனம் பதில் பேசுகிறது. உங்களை எதிர்பார்த்து ஏதாவது ஒரு காரியம் தினமும் நடக்க வேண்டும். காலையில் கடை ஷட்டரைத் திறப்பது நீங்களா? தாத்தா ஆச்சி யாருக்காவது ரேஷன் வாங்கி வரும் பொறுப்பு இருக்கிறதா? நீங்கள் போகாவிட்டால் அந்தக் காரியம் நின்றுபோகும் என்ற நிலை ஒன்றாவது வேண்டும். மனிதனுக்குத் தன்மேல் மரியாதை அப்படித்தான் ஊறுகிறது. நல்ல எண்ணங்களை யோசித்து யோசித்து அது வருவதில்லை.

நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோன ஒன்றை என்னால் கடந்துபோக முடியவில்லை. திருச்செந்தூரில் நேர்ந்துகொண்டு அடிக்கிற மொட்டை வேறு. நாலு பேர் பிடித்து உட்கார வைத்து அடிக்கிற மொட்டை வேறு. அது சிகிச்சை இல்லை, அவமானப்படுத்தல். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் போதையாலும் மதுவாலும் வருகிற மனநலப் பாதிப்புகளும் அடங்கும். கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக் கூடாது, எந்த வடிவத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. இப்படிப்பட்ட இல்லங்கள் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். அங்கிருந்து வந்த மறு மாசமே மறுபடி தொடங்கியதை உங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். கட்டிப்போட்டு உடம்பிலிருந்து போதையை இறக்கிவிட்டு, தொடர் சிகிச்சை எதுவும் இல்லாமல் வெளியே அனுப்பினால் பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் நடக்கும். அந்தத் தோல்வியில் உங்கள் பங்கைவிட அந்த இல்லத்தின் பங்கு பெரிது. இன்னொரு குடும்பம் மகனை அப்படி ஒரு இடத்தில் விடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவும் எழுதுகிறேன்.

எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. காய்ச்சலுக்கு ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்றதும், வார்டு முழுக்கக் கேட்கும்படி "எத்தனை வருசமா போடுத?" என்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்கப்பட்டவர் அடுத்த தடவை டாக்டரிடம் உண்மையைச் சொல்ல மாட்டார், சில பேர் ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டார்கள். நீங்கள் அப்படி ஒதுங்கிவிடாதீர்கள். ஏதாவது அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு என்று வந்தால் புப்ரினார்பின் எடுப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், வழக்கமான சில வலி மருந்துகள் உங்களுக்குச் சரியாக வேலை செய்யாது. ஊசி பகிர்ந்திருந்தால் ஒரு தடவை எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை (ஹெபடைட்டிஸ்) பி, சி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் சி இன்று மாத்திரையிலேயே, பெரும்பாலும் 12 வாரத்தில் குணமாகிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அதற்கு மருந்து இலவசம். தெரியாமல் பயந்துகொண்டே இருப்பதும் கண்ணாடியில் தெரிகிற அந்த முகத்தில் ஒரு பாகம்.

கைத் தழும்பைப் பற்றிக் கொஞ்சம். நரம்பு எங்காவது கயிறு போலக் கெட்டியாகவோ, சூடாகவோ, வீங்கியோ இருந்தால் காட்டுங்கள். மற்றபடி அவை ஆறிப்போன காயங்கள், காலப்போக்கில் மங்கும், முழுக்க மறையாமலும் போகலாம். முழுக்கைச் சட்டை போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எல்லாரிடமும் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருக்க யாருக்கும் கடமை கிடையாது. ஆனால் ஆற்றை விட்டுக்கொடுத்திருக்கிறீர்களே, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் பிறந்த ஒரு பையன், சாயங்காலம் நாலு பேரோடு பேசிக்கொண்டு குளிக்க முடியாமல் இருட்டில் போய் முங்கிவிட்டு ஓடி வருகிறான் என்றால், மறைப்பதற்குக் கொடுக்கிற விலை ரொம்ப அதிகமாகிவிட்டது. ஏற்கெனவே விஷயம் தெரிந்த ஒரே ஒரு ஆளோடு, தம்பியோ மச்சானோ, வெளிச்சத்தில் ஒரு தடவை போங்கள். யாராவது கையைப் பார்த்துக் கேட்டால் "பழைய காயம், ஆறிட்டு" என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. இரண்டாவது கேள்வி கேட்பவர்கள் குறைவு.

இப்போது அப்பா. 'தல காட்ட முடியல' என்று அவர் சொல்வதில் கோபம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் பயம். அவர் உங்கள் சட்டைப்பையைத் தடவுகிறாரா, கண்ணை உற்றுப் பார்க்கிறாரா? பெரும்பாலான வீடுகளில் இது நடக்கும். இதற்கு ஓர் ஏற்பாடு பல குடும்பங்களில் பலன் தருகிறது. தினமும் மருந்தை வீட்டில் எடுக்கிறவராக இருந்தால், அப்பா பார்க்க எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக அவர் பையைத் தடவுவதையும், பழைய கதையைச் சொல்லி ஏசுவதையும் விட வேண்டும். நீங்களாகச் சொன்னால் அவர் கேட்க மாட்டார் என்று தோன்றினால், அடுத்த தடவை மருந்து வாங்குகிற சிகிச்சை மையத்துக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போய், மருத்துவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். மருந்தைப் பற்றி அவர் மனதில் இருக்கிற கேள்விகளை அங்கேயே கேட்கட்டும். மகனுக்கு என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்றே தெரியாத அப்பாக்கள்தான் அதை அதிகம் வெறுக்கிறார்கள்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். நம் ஊரில் பெண் எடுக்க வருகிறவர்கள் தெருமுக்கு டீக்கடையில் விசாரிக்காமல் போக மாட்டார்கள். அரைகுறையாக அவர்கள் காதில் விழுந்திருக்கவும் கூடும். இதில் முதல் சொல் தங்கச்சியுடையது. அவள் வாழப் போகிற வீடு அது. அவளோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். சொல்லலாம் என்று அவள் நினைத்தால், பெரியவர்கள் மூலம் கல்யாணத்துக்கு முன்பே, சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: "காலு முறிஞ்சப்ப கொடுத்த வலி மாத்திரையில பழக்கமாயிட்டு. இப்ப சிகிச்சையில இருக்கான், அம்பையில வேலைக்குப் போறான்." இதற்கு மேல் ஒரு வரி தேவையில்லை. செயின் கதையோ ஊசிக் கதையோ யாருக்கும் சேர வேண்டியதில்லை. மாலை போடுகிற விஷயத்தையும் அவளிடமே கேளுங்கள். அண்ணன் போட வேண்டும் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அப்பா அதைத் தட்டுவது கடினம். ஒருவேளை இந்த முறை சித்தப்பா மகன்தான் போட்டான் என்றாலும், அதை உங்கள் சிகிச்சையின் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீடு உங்களை நம்ப இன்னும் கொஞ்சக் காலம் கேட்கிறது, அவ்வளவுதான்.

கடை முதலாளிக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் சிகிச்சை விவரத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் மருத்துவமனை அவரிடமோ ஊர்க்காரர்களிடமோ சொல்லக் கூடாது, அதே 2017 சட்டம் அதற்கும் காவல். 'சிகிச்சைக்குப் போனா போலீஸ் பிடிக்கும்' என்று பயந்து வராமல் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, தான் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு உள்ளவர், அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து காக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம்.

ஊரைப் பற்றி. போதைக்கு அடிமையாவதுதான் மனிதர்கள் மிக அதிகம் ஒதுக்குகிற நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் செய்த ஆய்வில் தெரிந்தது. அது உங்கள் ஊரின் தனிக்குணம் இல்லை. ஆனாலும் கொடைப் பந்தல் வேலைக்குக் கூப்பிடாததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. நம் பக்கம் ஒருத்தன் ஊரில் சேர்ந்தவனா என்பது கொடையில்தான் தெரியும். உங்கள் வீட்டில் வரி வாங்கியிருப்பார்கள், உங்களை மட்டும் விட்டிருப்பார்கள். அடுத்த கொடைக்கு யாரும் கூப்பிட வேண்டும் என்று காத்திருக்காமல், உங்கள்மேல் கொஞ்சம் பிரியம் உள்ள ஒரு பெரியவரிடம் போய் ஒரு சோலி கேளுங்கள். வில்லுப்பாட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு கவனிப்பது போல ஏதாவது. இதைப் படிக்கிற ஊர்ப் பெரியவர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள் யாராவது இருந்தால் உங்களிடமும் கேட்கிறேன்: சிகிச்சையில் இருந்து வேலைக்குப் போகிற ஒரு பையன் உங்கள் தெருவில் இருப்பான். அவனைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுங்கள். ஏழு மணிக்கு வா என்று சொல்லி, வந்தானா என்று பாருங்கள். எந்த டாக்டராலும் எழுதிக் கொடுக்க முடியாத மருந்து அது, உங்கள் கையில்தான் இருக்கிறது.

மனம் தாங்காத நேரத்தில் பேச ஆள் இல்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். போதைச் சிகிச்சை பற்றிக் கேட்க 14446. இரண்டும் இலவசம்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரமே மையத்தில் போய், முகூர்த்த நாள், மறுவீடு எல்லாம் எப்போது என்று சொல்லிவிடுங்கள். நிலையாக இருக்கிறவர்களுக்குச் சில நாள் மருந்தைக் கையில் கொடுக்கிற வழக்கம் உண்டு. அதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள், கடைசி நாளில் போய் நின்றால் கிடைக்காது. அன்றைக்கு அதிகாலை முகூர்த்தம் என்றால் எந்த நேரத்தில் எடுப்பது என்பதையும் கேட்டு வாருங்கள். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய ஐந்து பத்து நிமிடம் ஆகும், அதற்குள் யாராவது காப்பி கொண்டுவந்து நீட்டுவார்கள், எங்காவது ஒதுங்கி உட்காருங்கள். முந்தின நாள் ராத்திரி மண்டபத்துக்குப் பின்னால் பாட்டில் திறக்கும், 'ஒண்ணே ஒண்ணு' என்று மாமன் மச்சான்கள் கூப்பிடுவார்கள். இந்த மருந்தும் மதுவும் சேர்ந்தால் மூச்சு மட்டுப்படும், தூக்க மாத்திரை சேர்ந்தாலும் அப்படித்தான். அதனால் அந்த ராத்திரிக்கு ஆக்குப்புரைப் பொறுப்பை முன்கூட்டியே அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காய் வெட்டுகிறவர்களைக் கவனிக்க, இலைக்கட்டை எண்ணி இறக்க, தேங்காய்க்கும் பாலுக்கும் கணக்கு வைக்க விடிய விடிய ஒரு ஆள் அங்கே வேண்டும்.